வீட்டு வாசலில் கார் வேலை: ஜாக்கி வைப்பது முதல் பிரேக் பேடு மாற்றுவது வரை

திருநெல்வேலிச் சீமையில் 'கார்' என்றதும் வயல்காரருக்கு ஆனியில் நடும் நெல்தான் முதலில் நினைவுக்கு வரும். இது நாலு சக்கரக் காருக்கான வழிகாட்டி. சர்வீஸ் பில் ஏறிக்கொண்டே போகிறது. வீடியோவில் பார்த்தால் எல்லா வேலையும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்பானரோடு காருக்கடியில் நுழைகிறவர்கள் கூடிவிட்டார்கள். நுழையலாம். மேலே நிற்கிற ஒரு டன் இரும்பை எது தாங்குகிறது என்று தெரிந்துகொண்டு நுழைய வேண்டும்.

எந்த வேலையில் கை வைக்கலாம்

எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பேட்டரி, பல்பு, ஃபியூஸ், வைப்பர், கூலண்ட், முன் பிரேக் பேடு. இவ்வளவும் பொறுமையுள்ள எவரும் வீட்டில் செய்யக்கூடியவை.

கை வைக்கக் கூடாதவையும் உண்டு. ஸ்டீயரிங்குக்கு அடியிலும் டேஷ்போர்டுக்குள்ளும் மஞ்சள் கனெக்டரோடு ஓடும் வயர்கள் ஏர்பேக்குக்கானவை. தவறிப்போய் வெடித்தால் முகம் போய்விடும். ஹைபிரிட், எலக்ட்ரிக் கார்களில் ஆரஞ்சு நிறக் கேபிள் உயிரை எடுக்கும் மின்சாரம். காமன் ரெயில் டீசல் எஞ்சினின் இன்ஜெக்டர் குழாய்களில் 1000 பாருக்கும் மேலான அழுத்தம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒழுக்குகூடத் தோலைத் துளைத்து டீசலை உள்ளே ஏற்றிவிடும். சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டின் சுருள் ஸ்பிரிங், சிஎன்ஜி குழாய், ஏசி கேஸ் ஆகியவையும் இதே கணக்கில்தான் வரும். இவற்றைப் பட்டறைக்கு விட்டுவிடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இடமும் உடுப்பும்

பாளையங்கோட்டை, பெருமாள்புரம் பக்கத்து வீடுகளில் தெருவிலிருந்து போர்ட்டிகோவுக்கு ஏற ஒரு சிமெண்ட் சாய்வு இருக்கும். காரை வழக்கமாக நிறுத்துவது அதில்தான். ஜாக்கி வைக்கவே கூடாத இடமும் அதுதான். மட்டமான சிமெண்ட் தரை வேண்டும். டவுன் பக்கத்து முடுக்குகளில் தெருச்சாய்வும் சாக்கடை மூடியும் சேர்ந்து வரும் என்பதால், அங்கே இருப்பவர்கள் காரை வேறு இடத்துக்கு ஓட்டிப்போய்த்தான் வேலை பார்க்க வேண்டும். செவல் மண்ணோ தேரி மணலோ என்றால் ஜாக்கி பைய உள்ளே இறங்கும். ஓரடிச் சதுரம், ஒன்றரை அங்குலக் கனமுள்ள மரப்பலகையைப் போட்டு அதன்மேல் ஜாக்கி வைத்துச் சக்கரம் மாற்றலாம். அந்தத் தரையில் காருக்கடியில் போகும் வேலை வேண்டாம்.

சாரத்தை (லுங்கியை) கட்டிக்கொண்டு வேலை செய்யாதீர்கள். எஞ்சின் ஓடும்போது குனிந்தால் தொங்கும் துணியை பெல்ட் இழுத்துக்கொள்ளும். இறுக்கமான பேண்ட், மூடிய செருப்பு, பிளாஸ்டிக் கண்ணாடி, நைட்ரைல் கையுறை. மோதிரம், வாட்ச், கழுத்துச் செயின் எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். ரேடியேட்டர் ஃபேன் பல கார்களில் எஞ்சினை அணைத்த பிறகும் சட்டென்று சுற்றத் தொடங்கும். சாவியை எடுத்த பிறகும் அதன் பக்கத்தில் கையை வைக்காதீர்கள். ஷட்டரை இறக்கிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடவே கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மயக்கம் வரும்போதுதான் தெரியும், அப்போது எழுந்து வெளியே வரக் காலில் பலம் இருக்காது.

தூக்குவது வேறு, தாங்குவது வேறு

காரோடு வரும் சிசர் ஜாக்கி பஞ்சர் ஆன சக்கரத்தை மாற்றுவதற்கு மட்டும். டிராலி ஜாக்கியும் பாட்டில் ஜாக்கியும் உள்ளே ஆயில் சீலை நம்பி நிற்பவை. ஒரு சீல் விட்டால் நொடியில் இறங்கும். எந்த ஜாக்கியானாலும் வேலை தூக்குவதோடு முடிந்தது. கார் ஸ்டாண்டின்மேல்தான் உட்கார வேண்டும். சின்ன கார்களுக்கு 2 டன் அல்லது 3 டன் ஸ்டாண்டு ஒரு ஜோடி போதும். வாங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ளும் நாக்கு தளர்வாக இல்லாமல், கூடவே ஒரு பூட்டுப் பின்னும் இருக்கிறதா என்று பாருங்கள். செங்கல், ஹாலோ பிளாக், கருங்கல் துண்டு எதுவும் ஸ்டாண்டு ஆகாது. ஹாலோ பிளாக் சுவரில் பரவலான பாரத்தைத் தாங்கும். ஒரே இடத்தில் பாரம் விழுந்தால் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும்.

முன்பக்கத்தைத் தூக்கும் வரிசை இது:

ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, முதல் கியரில் வையுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் 'பி'. பின் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும். அதனால் பின்பக்கத்தைத் தூக்குகிற நாளில் ஹேண்ட் பிரேக் காரை நிறுத்தி வைக்காது. அன்றைக்கு முன் சக்கரத்துக் கட்டைதான் கதி.

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். தூக்கிய பிறகு ஸ்பானரை மிதித்தால் கார் ஜாக்கியிலிருந்து நழுவும்.

ஜாக்கி வைக்கும் இடம் கதவுக்குக் கீழே ஓடும் தகட்டு விளிம்பில், முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால், இரண்டு வெட்டுக்குறிக்கு நடுவில் இருக்கும். காரோடு வந்த புத்தகத்தில் படம் இருக்கும். உவரி, இடிந்தகரை, கூத்தங்குழி மாதிரி கடற்கரை ஊர்க் கார்களில் இந்த விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். பெயிண்ட் பொருமியிருந்தாலோ, ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டினால் 'டக்' என்ற சத்தம் வராமல் 'பொத்' என்று வந்தாலோ உப்புக்காற்று உள்ளே தின்றுவிட்டது என்று அர்த்தம். அங்கே ஜாக்கி வைத்தால் தகடு மடிந்துகொண்டு மேலே போகும், கார் போகாது.

டிராலி ஜாக்கி இருந்தால் முன் குறுக்குச் சட்டத்தில் புத்தகம் காட்டும் இடத்தில் வைத்துத் தூக்கி, இருபக்க விளிம்பிலும் ஸ்டாண்டு கொடுக்கலாம். எஞ்சின் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்புக்கு அடியில் வைத்தால் சம்ப் உடைந்து ஆயில் கொட்டும். கார் ஸ்டாண்டில் இறங்கிய பிறகு பானெட் ஓரத்தைப் பிடித்து நன்றாக ஆட்டுங்கள். விழுவதென்றால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும். கழற்றிய சக்கரத்தைப் படுக்கவைத்து விளிம்புக்கு அடியில் தள்ளி வையுங்கள். ஸ்டாண்டு சறுக்கினாலும் கார் சக்கரத்தின்மேல் உட்காரும். அந்த ஏழெட்டு அங்குல இடைவெளி ஒரு மார்புக்கூட்டைக் காப்பாற்றும். காருக்கடியில் நீங்கள் இருக்கும் நேரமெல்லாம் வீட்டில் இன்னொருவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

முன் பிரேக் பேடு

பாபநாசத்திலிருந்து காரையாறுக்கோ, மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலைக்கோ ஏறி இறங்குகிற வண்டிகளுக்குப் பேடு சீக்கிரம் தேயும். இறங்கும்போது வண்டியை இரண்டாம் கியரில் ஓட்டாமல் பிரேக்கிலேயே காலை வைத்திருப்பதுதான் பெரும்பாலும் காரணம். புதிய பேடில் உராயும் பகுதி ஏறத்தாழ 10 மி.மீ. இருக்கும், 3 மி.மீ.க்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். பல பேடுகளில் ஒரு சின்னத் தகடு நீட்டிக்கொண்டிருக்கும். பேடு தேய்ந்ததும் அது சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டான டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். கீச்சுச் சத்தம் போய் 'கரகர' வந்துவிட்டால் இரும்பும் இரும்பும் தேய்கிறது, டிஸ்க்கும் சேர்ந்து போகிறது.

பேடை எப்போதும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு செட்டில் நாலு இருக்கும். கூடவே வேண்டியவை: 12, 14, 17 ரிங் ஸ்பானர், ஜி கிளாம்ப், கட்டுக்கம்பி ஒரு முழம், பிரேக் கிளீனர், கம்பி பிரஷ், பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸ், மாஸ்க், டார்க் ரெஞ்சு (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளவு காட்டும் ஸ்பானர்). டார்க் ரெஞ்சு விலையைப் பார்த்துத் தவிர்க்காதீர்கள். மரை போன போல்ட்டுக்கு ஆகும் செலவு அதைவிட அதிகம்.

ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் தொடுங்கள். எந்தக் கிளிப் எங்கே இருந்தது என்று குழம்பினால் பிரிக்காத பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். சக்கரத்தைக் கழற்றி, ஸ்டீயரிங்கை வெளிப்பக்கமாகத் திருப்பினால், டிஸ்க்கைக் கவ்வி உள்ளிருக்கும் பிஸ்டனால் பேடை அழுத்தும் காலிப்பரின் பின்புறம் உங்களைப் பார்க்கும். அங்கே இரண்டு சின்ன போல்ட்டுகள் காலிப்பரை, அது வழுக்கி நகர்வதற்கான உலோக ஊசிகளான பின்களோடு பிடித்திருக்கும். பல கார்களில் கீழ் போல்ட்டை மட்டும் கழற்றிக் காலிப்பரை ஜன்னல் கதவு மாதிரி மேலே மடக்கலாம். இரண்டையும் கழற்றினால் கட்டுக்கம்பியால் சுருள் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். ரப்பர் ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளே கிழியும். வெளியே ஒன்றும் தெரியாது.

பழைய பேடுகளை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த வேலையின் பாதி அறிவு அந்த இரண்டு துண்டில்தான் இருக்கிறது. இரண்டும் ஒரே கனத்தில் தேய்ந்திருந்தால் எல்லாம் நலம். உள்பேடு தகடு வரை தேய்ந்து, வெளிப்பேடு பாதிக்கு மேல் மிச்சம் இருந்தால் காலிப்பரின் பின் (அந்த ஊசி) இறுகிவிட்டது. பிஸ்டன் உள்பேடைத் தள்ளும், ஆனால் காலிப்பர் நகர்ந்து வெளிப்பேடை இழுத்து அழுத்தாது. பின்னை உருவிப் பாருங்கள். ரப்பர் உறைக்குள் பழைய கிரீஸ் பழுப்பேறி மெழுகாக உறைந்திருக்கும், தண்ணீர் புகுந்திருந்தால் துருவும் ஒட்டியிருக்கும். துடைத்து, சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாகத் தடவி, விரலால் தள்ளினால் வழுக்கி ஓட வேண்டும். வீட்டில் கிடக்கும் வீல் பேரிங் கிரீஸைத் தடவினால் ரப்பர் உறை உப்பிப் பின்னை மறுபடி இறுக்கிவிடும். இதைச் செய்யாமல் புதுப் பேடை மட்டும் மாட்டினால் அதே உள்பேடு மறுபடியும் சீக்கிரமே தேய்ந்து வரும்.

டிஸ்க்கின் ஓரத்திலோ நடுவிலோ குறைந்தபட்சக் கனம் மி.மீ.யில் பொறித்திருக்கும். வெர்னியர் காலிப்பரால் அளந்து அதற்குக் கீழே இருந்தால் டிஸ்க்கையும் மாற்ற வேண்டும். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். மலிவான லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். மாஸ்க் போட்டு, பிரேக் கிளீனரால் நனைத்துக் கழுவுங்கள்.

அடுத்தது பிஸ்டனை உள்ளே தள்ளுவது. முதலில் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். நிரம்பி இருந்தால் சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுங்கள், இல்லாவிட்டால் பிஸ்டன் உள்ளே போகப்போக மேலே வழிந்து பெயிண்டைத் தின்னும். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பழைய பேடைப் பிஸ்டன்மேல் வைத்து ஜி கிளாம்ப்பைக் கால் சுற்று கால் சுற்றாக முடுக்குங்கள். சீராகப் போக வேண்டும். அசையவே இல்லையென்றால் பிஸ்டன் துருப்பிடித்திருக்கிறது அல்லது ஹோஸ் உள்ளே அடைத்திருக்கிறது. அதற்குமேல் முடுக்காதீர்கள்; அது பட்டறை வேலை. பின்னாலும் டிஸ்க் இருக்கிற கார்களில், ஹேண்ட் பிரேக் காலிப்பருக்குள்ளேயே இருந்தால், பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். கிளாம்ப்பால் அழுத்தினால் உள்ளிருக்கும் மெக்கானிசம் உடையும். எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் என்றால் ஸ்கேனர் இல்லாமல் பின்பக்கத்தைத் தொட வேண்டாம்.

புதுப் பேடின் உராயும் முகத்தில் கிரீஸ் விரல் படக்கூடாது. பேடின் காதுகள் உட்காரும் கிளிப்புகளைக் கம்பி பிரஷால் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். காலிப்பர் போல்ட்டுகள் சின்னவை. பல சிறிய கார்களில் 22 முதல் 35 நியூட்டன் மீட்டர்தான் அளவு. கையில் பலம் இருக்கிறது என்று இழுத்தால் மரை கழன்று வரும். சக்கர நட்டுகளுக்கு 85 முதல் 120 வரை கார் மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் காரின் சரியான எண்ணைப் புத்தகத்தில் பாருங்கள். தரையில் இறக்கிய பிறகு, எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். நட்டு மரையில் ஆயில் தடவும் பழக்கம் இங்கே நிறைய பேருக்கு உண்டு. உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவை வழுக்கும் மரையில் வைத்தால் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும்.

இனிதான் மறக்கவே கூடாத படி. எஞ்சினை ஸ்டார்ட் செய்து கியர் போடுவதற்கு முன்னால் பிரேக் பெடலை மிதியுங்கள். முதல் மிதி நேரே தரைக்குப் போகும். பின்னே தள்ளிய பிஸ்டன் பேடைத் தொட இன்னும் வரவில்லை. கெட்டியாகும் வரை மிதித்துக்கொண்டே இருங்கள். இதை மறந்து ரிவர்ஸ் எடுத்தால் எதிர்வீட்டு காம்பவுண்டுச் சுவரில்தான் போய் நிற்க வேண்டிவரும். பிறகு பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள்.

அதிகாலையில் ஆள் நடமாட்டமில்லாத, பின்னால் வண்டி வராத நேரான ரோட்டில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ.க்கு மிதமாகப் பிடித்து, நடுவில் அரை நிமிடம் சூடு ஆற விட்டு, பத்து முறை செய்தால் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படியும். நூறு கி.மீ. ஓடிய பின் சக்கர நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 (DOT 3) ரக ஆயில் 205 டிகிரிக்குக் குறையாமல்தான் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். மலை இறக்கத்தில் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குவது ஆயில் கொதித்து உள்ளே ஆவி உண்டாவதால்தான். இரண்டு வருடத்துக்கொரு முறை மாற்ற வேண்டும் என்று சொல்வது இதனால்தான். ஆயிலை மாற்றும்போது பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுக்கும் வேலையை முதல் முறை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

பேட்டரி

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். காரின் பாடி முழுக்க நெகட்டிவோடு சேர்ந்திருக்கிறது. பாசிட்டிவ் நட்டைத் திருகும் ஸ்பானர் தவறிப் பாடியில் பட்டால் ஸ்பானர் பழுத்துச் சிவக்கும். பேட்டரிமேல் தங்கியிருக்கும் ஹைட்ரஜனுக்கு அந்தப் பொறி போதும். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடியை ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, காய்ந்த பின் இறுக்கி, மேலே வேசலின் தடவுங்கள். ஆசிட் கண்ணில் பட்டால் குறைந்தது 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைப்பது நல்ல செலவு. ராத்திரி முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறத்தாழ பாதி, 12க்குக் கீழே போனால் காலி. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.6 வரை காட்ட வேண்டும். அது வராவிட்டால் கோளாறு ஆல்டர்னேட்டர் பக்கம். புதுப் பேட்டரி வாங்கிப் பயனில்லை.

கூலண்ட்

அக்கினி நட்சத்திர வெயிலில் வள்ளியூருக்கும் நாங்குநேரிக்கும் நடுவே ஹைவேயில் டெம்பரேச்சர் முள் ஏறினால், ஏசியை அணைத்து, ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேலே சூடாகி நிற்கும் தண்ணீர், மூடி திறந்த கணத்தில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். குறைந்தது முக்கால் மணி நேரம் பொறுத்து, மேல் ஹோஸைத் துணியால் அமுக்கிப் பாருங்கள். கல்லு மாதிரி இருந்தால் இன்னும் அழுத்தம் இருக்கிறது. வெறும் ரப்பராகக் குழைந்தால் மட்டும், தடித்த துணியைப் போர்த்தி, மூடியைப் பைய முதல் படி வரை திருகுங்கள். சூடான எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

போர் தண்ணீர் வேண்டாம். ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து உப்புத் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதேதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். கூலண்ட்டை டிஸ்டில்டு வாட்டரோடு சரிபாதியாகக் கலக்குங்கள். 'ரெடி மிக்ஸ்' என்று போட்டிருந்தால் அப்படியே ஊற்றலாம். பச்சையா சிவப்பா என்ற நிறத்தை வைத்து வாங்காதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். வடித்த கூலண்ட் இனிக்கும், விஷம். தெருநாயும் ஆடும் நக்கிவிட்டுச் சாகும். திறந்த சட்டியில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

ஆயில்

எஞ்சினைச் சூடுபடுத்திப் பத்து நிமிடம் ஆறவிட்டு வடியுங்கள். டிரெயின் நட்டுக்குப் புது வாஷர். பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். அதன்மேல் புது வளையமும் ஏறினால் ஸ்டார்ட் செய்த சில நிமிடத்தில் ஆயில் முழுக்கத் தரையில். புது ஃபில்டர் வளையத்தில் விரலால் ஆயில் தொட்டு வைத்து, வளையம் தொட்டபின் கையால் முக்கால் சுற்று மட்டும். 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின்களுக்கு ஏறத்தாழ 3 முதல் 3.7 லிட்டர் பிடிக்கும். கடைசி அரை லிட்டரை டிப் ஸ்டிக்கைப் பார்த்துப் பார்த்து ஊற்றுங்கள். பழைய ஆயிலைக் கேனில் அடைத்து, கழிவு ஆயில் சேர்க்கும் பட்டறையில் கொடுங்கள். பாளையங்கால்வாயிலோ கன்னடியன் கால்வாயிலோ ஊற்றினால் அது வயலுக்குத்தான் போகும்.

வெள்ளத்தில் நின்ற கார்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் நெல்லையிலும் தூத்துக்குடிப் பக்கத்திலும் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. தண்ணீர் சீட்டு உயரத்துக்கு வந்த காரை, வடிந்த பிறகு 'ஒரு தடவை போட்டுப் பார்ப்போமே' என்று சாவியைத் திருப்புவதுதான் எஞ்சினைக் கொல்லும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் இருக்கும் தண்ணீரில் பிஸ்டன் மோதி கனெக்டிங் ராடு வளையும். நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்து நனைந்திருக்கிறதா பாருங்கள், டிப் ஸ்டிக்கை உருவுங்கள். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தாலோ ஃபில்டர் ஈரமாக இருந்தாலோ, காரை இழுவை வண்டியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகுதான் அந்த எஞ்சினில் ஸ்டார்ட்டர் சுற்றலாம்.